திறன்பேசிவழி மருத்துவச் சோதனை

திறன்பேசிவழி மருத்துவச் சோதனை என்பது, நோயாளி இருக்கும் இடத்திலேயே ஒரு துளி இரத்தம், சிறுநீர் அல்லது உமிழ்நீரைக் கொண்டு செய்யப்படும் நோயறி சோதனை முறையாகும். துளியைக் கையாளும் வேலையைச் சிறிய சில்லு ஒன்றோ காகிதப் பட்டை ஒன்றோ செய்கிறது. அதில் மயிரிழை அளவிலான வாய்க்கால்கள் இருக்கும். அங்கு நிகழும் மாற்றத்தைப் படித்து, கணக்கிட்டு, முடிவைச் சொல்லும் வேலையைத் திறன்பேசி செய்கிறது. மிகச் சிறிய வாய்க்கால்களில் நீர்மங்கள் எவ்வாறு பாய்கின்றன என்பதை ஆராயும் துறைக்கு நுண்பாய்மவியல் என்று பெயர்.

இம்முறையின் சிறப்பாக விலை குறைவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் அதைவிட முதன்மையானது, நோயாளி எழுந்து போவதற்கு முன்பே விடை கிடைத்துவிடுகிறது என்பதாகும். இக்கட்டுரையில் வரும் ருவாண்டா, கேமரூன் நாட்டு எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

தேவை

வழக்கமான ஆய்வகச் சோதனையில் இரத்தம் ஓரிடத்தில் எடுக்கப்படுகிறது. சோதனை வேறோர் இடத்தில் நடக்கிறது. ஆய்வகத்தில் இரத்தத்தைப் பிரிக்கும் சுழற்றுக் கருவி, வேதிப்பொருள்களைக் காக்கும் குளிர்பெட்டி, தடையில்லா மின்சாரம், பயிற்சி பெற்ற ஆய்வக நுட்பர் ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சோதனை நின்றுவிடும்.

நகரத்தில் இருப்பவர் மாலையில் போய் முடிவை வாங்கிக்கொள்வார். பல கிலோமீட்டர் நடந்து வந்த ஒரு கருவுற்ற பெண்ணுக்கு "அடுத்த வாரம் வாருங்கள்" என்பது, ஒரு நாள் கூலியை இழந்து மறுபடியும் நடந்து வாருங்கள் என்பதாகும். அவர் வராமல் போனால், முடிவு சரியாக இருந்தும் பயனில்லை.

உலக நலவாழ்வு அமைப்பு, வசதி குறைந்த இடங்களுக்கான சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏழு பண்புகளைக் குறிப்பிட்டது. விலை குறைவாக இருத்தல், நோயுள்ளவரைத் தவறவிடாமை, நோயற்றவரை நோயாளி என்று சொல்லாமை, எளிதில் கையாளத் தக்கதாக இருத்தல், விரைவும் உறுதியும், தனிக் கருவிகள் தேவைப்படாமை, தேவைப்படுவோரைச் சென்றடைதல் ஆகியவையே அவை. ஆறாவது பண்பை எட்டுவதில்தான் திறன்பேசி துணைக்கு வருகிறது. கேமரா, விளக்கு, மின்கலம், கணினி, திரை, தொலைத்தொடர்பு ஆகிய ஆறையும் சேர்த்து மருத்துவத்திற்கென்றே ஒரு கருவி செய்தால் விலை மிகும். அதுவே இன்று பலர் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

நுண்ணிய வாய்க்கால்களின் இயற்பியல்

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தம் சில பத்து மைக்ரோலிட்டர் அளவே இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு கன மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய அளவில் நீர்மங்களின் போக்கு நாம் அன்றாடம் காண்பதிலிருந்து மாறுபடுகிறது. அவற்றுள் மூன்று மாற்றங்கள் சோதனைக்குப் பயன்படுகின்றன.

முதலாவது நுண்புழை ஏற்றம். விளக்குத் திரியில் எண்ணெய் தானாக மேலேறுவதும், மை ஒற்றும் தாளில் மை பரவுவதும் இதனால்தான். மெல்லிய குழாயிலும் காகித இழைகளுக்கு இடையிலும் நீர்மம் எந்த எக்கியும் இல்லாமல் தானே நகரும். ஆகவே மின்சாரம் வேண்டியதில்லை.

இரண்டாவது வரிச்சீர் ஓட்டம். மயிரிழை அளவு வாய்க்காலில் சுழிப்பு ஏற்படாது. இரண்டு நீர்மங்கள் அருகருகே, சாலையில் இரு வரிசையாகச் செல்லும் வண்டிகளைப் போல, கலக்காமல் ஓடும். எங்கே, எப்போது அவை கலக்க வேண்டும் என்பதை வாய்க்காலின் வடிவத்தைக் கொண்டே முடிவு செய்யலாம்.

மூன்றாவது விரவல். ஒரு மூலக்கூறு விரவிச் செல்ல ஆகும் நேரம், தொலைவின் இருமடிக்கு ஏற்ப மாறும். தொலைவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் நேரம் நூறில் ஒன்றாகக் குறையும். பெரிய குழியில் மணிக்கணக்கில் நடக்கும் வேதிவினை, சில்லில் சில நிமிடங்களில் முடிவதற்கு இதுவே காரணம்.

காகிதச் சில்லுகள்

கருவுற்றிருப்பதை அறியும் பட்டை இக்குடும்பத்தைச் சேர்ந்த, பலரும் அறிந்த சோதனையாகும். சிறுநீர் பட்டையில் ஊறிச் செல்லும் வழியில், நிறத் துகள் ஒட்டிய எதிர்ப்பொருள்களைச் சுமந்துகொண்டு போகிறது. தேடப்படும் பொருள் சிறுநீரில் இருந்தால் ஒரு கோட்டில் அவை பிடிபட்டு நிறம் தோன்றும். அதையடுத்த இரண்டாவது கோடு, தேடப்படும் பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோன்ற வேண்டியது. அது தோன்றாவிட்டால் பட்டையே கெட்டுவிட்டது என்று பொருள். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் இவ்வமைப்பு எல்லா நல்ல சோதனைகளுக்கும் இன்றியமையாதது.

2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்சு குழுவினர் இதை அடுத்த படிக்குக் கொண்டு சென்றனர். நீரை ஒட்டாத பொருளால் காகிதத்தில் வரப்புகளை அமைத்தால், அவற்றுக்கு இடைப்பட்ட காகிதமே வாய்க்காலாகிவிடும். வயலில் வரப்பு கட்டி நீரைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பது போல, ஒரு துளியைப் பல கிளைகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை செய்யலாம். அவர்களது காகிதம் 5 மைக்ரோலிட்டர் சிறுநீரில் குளுக்கோசையும் புரதத்தையும் ஒரே நேரத்தில் காட்டியது. பின்னர் வரப்புகளை மெழுகால் அச்சிடும் முறையும் வந்தது.

2008-இல் அதே குழு, காகிதத்தில் தோன்றிய நிறத்தைக் கைபேசிக் கேமராவில் படமெடுத்துத் தொலைவில் உள்ள வல்லுநருக்கு அனுப்பும் முறையை வெளியிட்டது. காகிதச் சில்லும் கைபேசியும் இணைந்த தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று.

இரத்தத்தைப் பிரிப்பதற்கும் காகிதமே பயன்பட்டுள்ளது. துளையுள்ள பெரிய பொத்தானில் நூலைக் கோத்து, இரு முனைகளையும் இழுத்து இழுத்து விட்டால் அது "விர்" என்று சுழலும் என்பது சிறுவர்கள் அறிந்த விளையாட்டு. இதே அமைப்பில் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாசு குழுவினர் 2017-இல் ஒரு காகிதச் சுழற்றியை வெளியிட்டனர். 2 கிராம் எடையும் ஏறத்தாழ 20 அமெரிக்க செண்ட் விலையும் கொண்ட அது, நிமிடத்திற்கு 1,25,000 சுற்று வரை எட்டியது. மின்சாரம் இல்லாமலேயே அது ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்திலிருந்து பிளாசுமாவைப் பிரித்தது.

திறன்பேசியின் பங்கு

திறன்பேசி நான்கு வகையில் பயன்படுகிறது.

முதலாவது, கண்ணாக. நிறத்தின் அடர்த்தியைக் கேமரா எண்ணாக மாற்றுகிறது. மங்கலான கோட்டை ஒருவர் "உண்டு" என்பார், மற்றவர் "இல்லை" என்பார். எண்ணில் அந்த ஐயம் குறைகிறது. கேமராவுக்கு முன் ஒரு சிறு வில்லையைப் பொருத்தினால் அதுவே நுண்ணோக்கியாகிவிடும்.

இரண்டாவது, மூளையாக. படத்தில் உள்ள உயிரணுக்களையோ ஒட்டுண்ணிகளையோ செயலி எண்ணிவிடுகிறது.

மூன்றாவது, மின்மூலமாக. சில கருவிகள் திறன்பேசியின் மின்கலத்தையே பயன்படுத்துகின்றன.

நான்காவது, தூதராக. முடிவையும் இடத்தையும் நேரத்தையும் பதிந்து மருத்துவருக்கோ நலவாழ்வுத் துறைக்கோ அனுப்புகிறது.

எடுத்துக்காட்டு 1: ருவாண்டா

தாய்க்கு எச்.ஐ.வி. தொற்றோ சிபிலிஸ் என்னும் மேகநோயோ இருந்தால், அது வயிற்றில் உள்ள குழந்தையையும் தாக்கக்கூடும். இரண்டையும் முன்கூட்டியே அறிந்தால் மருந்தால் குழந்தையைக் காக்கலாம். சிபிலிசின் தொடக்க நிலைக்கு ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும். எனவே சோதிக்கும் நாளிலேயே ஊசியைப் போட முடிவது பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் சியா குழுவினர் 2011-இல் ருவாண்டாவில் சோதித்த நெகிழிச் சில்லு ஒன்றைப் பற்றி வெளியிட்டனர். வேதிக்கரைசல்கள் ஒரு மெல்லிய குழாயில் காற்றுக்குமிழிகளால் பிரிக்கப்பட்டு, தொடர்வண்டிப் பெட்டிகளைப் போல வரிசையாக நிற்கும். இழுத்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில்லின் வழியே செல்லும். ஆய்வகத்தில் நுட்பர் ஒருவர் படிப்படியாகச் செய்யும் வேலையை இந்த வரிசையே செய்துவிடுகிறது. நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் அதன்மேல் தங்க நுண்துகள்கள் ஒட்டும். அத்துகள்களின் மேல் வெள்ளி படியும். படிந்த வெள்ளி ஒளியை மறைக்கும் அளவே முடிவு.

2015-இல் அதே குழு இச்சோதனையைத் திறன்பேசியில் செருகும் சிறு கருவியாக்கியது. கேட்பி செருகும் துளை வழியாகவே அது மின்சாரத்தைப் பெற்றது. தரவையும் அதே வழியாக அனுப்பியது. எக்கிக்குப் பதிலாகக் கையால் அழுத்தும் ஓர் இரப்பர்க் குமிழ் இருந்தது. எச்.ஐ.வி. எதிர்ப்பொருளையும் சிபிலிசுக்கான இரு வகை எதிர்ப்பொருள்களையும் அது 15 நிமிடத்தில் அறிந்தது. கருவியின் உற்பத்திச் செலவு 34 டாலர். இதே சோதனைக்கான ஆய்வகக் கருவியின் விலை 18,450 டாலர் என்று குழுவினர் ஒப்பிட்டுக் காட்டினர். ருவாண்டாவில் 96 பேருக்கு உள்ளூர் நலவாழ்வுப் பணியாளர்களே இதைக் கொண்டு சோதனை செய்தனர்.

இச்சோதனை நோயுள்ளவர்களில் 92 முதல் 100 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டது. நோயற்றவர்களைச் சரியாகச் சொன்னதோ நோய்க்குறியைப் பொறுத்து 79 முதல் 100 விழுக்காடு வரை இருந்தது. முதல் எண் நன்று. இரண்டாவதன் கீழ்வரம்பு எச்சரிக்கை. காரணம் பின்னர் கணக்கோடு விளக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டு 2: கேமரூனின் ஒக்கோலா

ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கருப்பு ஈக்களால் பரவும் ஒரு புழுநோய், காலப்போக்கில் பார்வையைப் பறிக்கும். இதற்கு ஐவர்மெக்டின் என்னும் மாத்திரை நல்ல மருந்து. இதைத் தந்த ஆராய்ச்சிக்காக வில்லியம் கேம்பெல், சத்தோசி ஓமுரா ஆகியோர் 2015-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்தே நோயைக் கட்டுப்படுத்துவது வழக்கம்.

நடு ஆப்பிரிக்காவில் இதற்கு ஒரு தடை இருந்தது. அங்கு லோவா லோவா என்னும் வேறொரு புழுவும் உண்டு. சிலரது இரத்தத்தில் அதன் இளம்புழுக்கள் ஒரு மில்லிலிட்டருக்குப் பல ஆயிரக்கணக்கில் இருக்கும். அவர்கள் ஐவர்மெக்டினை உட்கொண்டால் இளம்புழுக்கள் பெருந்திரளாகத் தாக்குண்டு, மூளை பாதிக்கப்பட்டு, உயிரே போகக்கூடும். தலைநகர் யாவுண்டேயை அடுத்த ஒக்கோலா மாவட்டத்தில் இவ்வாறு இறப்புகள் நேர்ந்ததால், 1999-இல் மாத்திரை வழங்குவது நிறுத்தப்பட்டது. மிகச் சிலருக்கு நேரக்கூடிய கேட்டினால் அனைவருக்கும் மருந்து இல்லாமல் போனது. அந்தச் சிலர் யார் என்று தெரியாததே சிக்கல்.

லோவா லோவா, நம் ஊர்களில் யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு உறவு. யானைக்கால் புழுவின் இளம்புழுக்கள் இரவில்தான் தோலடி இரத்தத்திற்கு வரும். அதனால்தான் தமிழ்நாட்டில் நலவாழ்வுப் பணியாளர்கள் இரவில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்தனர். மூத்தோர் பலருக்கு இது நினைவிருக்கும். லோவா லோவாவின் இளம்புழுக்கள் பகலில் வருபவை. இரண்டிலும் பழைய முறை ஒன்றே. இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, உலர்த்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு மாவட்டம் முழுவதற்கும் இப்படி எண்ணி, அன்றே மாத்திரை கொடுப்பது இயலாது.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேனியல் பிளெட்சர் குழுவினர் இதற்கு 2015-இல் ஒரு வழி கண்டனர். விரல் இரத்தம் தட்டையான கண்ணாடி நுண்குழாயில் தானாக ஏறும். அதைத் திறன்பேசி பொருத்திய கையடக்க நுண்ணோக்கியில் செருகினால், கருவி குழாயை நகர்த்தி நகர்த்திச் சிறு காணொளிகளை எடுக்கும். புழுவைத் தேடாமல், புழு நெளியும்போது அருகிலுள்ள சிவப்பணுக்கள் அசைவதைச் செயலி தேடுகிறது. அசைவே சாயத்தின் வேலையைச் செய்கிறது. 2 நிமிடத்திற்குள் எண்ணிக்கை திரையில் வந்துவிடும். இக்கருவிக்கு லோவாசுகோப் என்று பெயர்.

2015 ஆகசுட்டு முதல் அக்டோபர் வரை, கேமரூன் ஆய்வாளர் சோசப் கம்னோவின் தலைமையில் பன்னாட்டுக் குழு ஒன்று ஒக்கோலாவில் இதைப் பயன்படுத்தியது. 16,259 பேர் சோதிக்கப்பட்டனர். மில்லிலிட்டருக்கு 20,000 இளம்புழுக்களுக்கு மேல் இருந்த 340 பேருக்கு, அதாவது 2.1 விழுக்காட்டினருக்கு, மாத்திரை தரப்படவில்லை. கருவுற்றோர், நோயுற்றோர் என மேலும் 397 பேர் விலக்கப்பட்டனர். மற்ற 15,522 பேரும் மாத்திரை பெற்றனர். 934 பேருக்குச் சிறு தொல்லைகள் ஏற்பட்டன. கடுமையான பாதிப்பு ஒருவருக்கும் ஏற்படவில்லை. முடிவுகள் 2017-இல் வெளியாயின.

"உங்களுக்கு இம்மருந்து வேண்டாம்" என்று 340 பேரிடம் சொல்ல முடிந்ததால்தான், 15,522 பேரிடம் "உட்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடிந்தது. முடிவு ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் இது நடந்திருக்காது.

வரம்புகள்

ஒரு துளியில் எல்லாவற்றையும் அறிய முடியாது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 நச்சுயிரிகள் இருப்பதாகக் கொள்வோம். 10 மைக்ரோலிட்டர் துளியில் சராசரியாக 0.1 நச்சுயிரியே இருக்கும். அதாவது பத்துத் துளிகளில் ஏறத்தாழ ஒன்பதில் எதுவுமே இருக்காது. எவ்வளவு நுட்பமான கருவியும் துளியில் இல்லாததைக் காண இயலாது. மேலும் விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். விரல் துளியில் மிகப் பல சோதனைகளைச் செய்வதாகக் கூறிய அமெரிக்காவின் தெரானோசு நிறுவனம் 2018-இல் மூடப்பட்டது. அதை நிறுவிய எலிசபெத் ஓம்சு முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்திற்காக 2022-இல் தண்டிக்கப்பட்டார்.

அடுத்தது, தவறான "உண்டு". நோயுள்ளவரை ஒருபோதும் தவறவிடாத, ஆனால் நோயற்ற 100 பேரில் 5 பேரைத் தவறாக "உண்டு" என்று சொல்லும் சோதனை ஒன்றைக் கொள்வோம். 1,000 பேரில் 20 பேருக்கு மட்டும் நோய் உள்ள ஊரில், அந்த 20 பேரும் பிடிபடுவர். நோயற்ற 980 பேரில் 49 பேரும் "உண்டு" எனப்படுவர். ஆக 69 பேரில் உண்மையில் நோயுள்ளவர் 20 பேர், மூன்றில் ஒருவருக்கும் குறைவு. இதே சோதனையை 1,000 பேரில் 400 பேருக்கு நோய் உள்ள இடத்தில் செய்தால், "உண்டு" எனப்படும் 430 பேரில் 400 பேர் உண்மையான நோயாளிகள். கருவி மாறவில்லை, சோதிக்கப்படுவோர் மாறியதால் விடையின் நம்பகம் மாறியது. ஆகவே முதற்சோதனையில் "உண்டு" என வந்தால் வேறொரு முறையில் உறுதி செய்துகொள்வது கட்டாயம்.

கருவியின் ஆயுளும் ஒரு சிக்கலே. 2016-இல் வெளிவந்த ஐபோன் 7-இலிருந்து அந்நிறுவனம் கேட்பித் துளையை நீக்கியது. வேறு சில நிறுவனங்களும் பின்பற்றின. அத்துளையை நம்பிய மருத்துவக் கருவிக்கு மாற்றுவழி தேடவேண்டியதாயிற்று. கேமராவும் வெளிச்சமும் திறன்பேசிக்குத் திறன்பேசி வேறுபடுவதால் நிறத்தை அளக்கும் சோதனைகளில் பிழை நேரலாம். அதனால் நல்ல சில்லுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான நிறக்கட்டங்களும் அச்சிடப்படுகின்றன.

நோயாளியின் பெயரும் நோயும் ஒரே திறன்பேசியில் பதிவாவதால் மறைகாப்பு தேவை. எச்.ஐ.வி. போன்ற நோய்களில் செய்தி வெளியே கசிந்தால் ஒருவரது வாழ்க்கையே பாதிக்கப்படும். குத்திய ஊசியையும் இரத்தம் பட்ட சில்லையும் பாதுகாப்பாக அழிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

பயனை மதிப்பிடும் முறை

புதிய கருவி ஒன்றைப் பற்றிக் கேள்விப்படும்போது விலையை மட்டும் பார்ப்பது போதாது. அது எத்தனை நோயுள்ளவரைத் தவறவிடுகிறது, எத்தனை நோயற்றவரைத் தவறாகக் குறிக்கிறது, எந்த மக்களிடையே சோதித்துப் பார்க்கப்பட்டது, பொதுப் பணியாளரே அதைக் கையாண்டனரா அல்லது அதைச் செய்தவர்களே கையாண்டனரா என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு தெரிந்த அந்த இடத்தில் அதற்கான மருந்தோ அடுத்த நடவடிக்கையோ அணியமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ருவாண்டாவில் பென்சிலினும், ஒக்கோலாவில் ஐவர்மெக்டினும் கையில் இருந்தால்தான் அந்தச் சோதனைகளுக்குப் பொருள் உண்டு. மருந்தில்லாத இடத்தில் சோதனை மட்டும் வந்து சேர்ந்தால், அது நோயாளிக்குக் கவலையையே கொடுக்கும்.